தாடையின் இடது பக்கம்

அச்சு பொருந்தவில்லை.

மேல் தாடையின் பிளாஸ்டர் அச்சைக் கீழ் தாடையின் அச்சு மேல் வைத்து, லேசாக அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று ஒழுங்காக உட்கார்ந்தன. இடப்பக்கம் உட்காரவில்லை. நகக்கனத்துக்கு ஓர் இடைவெளி.

முதல் நாள் மாலை அவள் கணவன் குத்துச்சண்டையில் பல்லைக் காக்கப் போடும் தன்னுடைய மவுத் கார்டைக் கொண்டுவந்து, "கடிச்சே பிளந்துட்டேன், வேற ஒண்ணு பண்ணிக் குடு" என்று நீட்டியதைச் சென்ற வார அத்தியாயத்தில் பார்த்தோம். சமையலறை நாற்காலியில் அவனை உட்காரவைத்து, அச்சுப் பசையை அவள் அவன் வாயில் திணித்தபோது, வாயை முழுசாகத் திறக்காமல் அவன் ஏதேதோ வேடிக்கை பேசிச் சமாளித்தான். அப்போது அவளும் சிரித்துவிட்டாள்.

இன்று வெள்ளிக்கிழமை. நாளை சாயங்காலம் மறுபோட்டி.

"ஆள் அசைஞ்சிருப்பாரு," என்றாள் பக்கத்து மேஜைக்காரி, ஒரு பொய்ப்பல் செட்டைத் தேய்த்துக்கொண்டே. "உன் வீட்டுக்காரர் சைசுக்கு யாராவது ரெண்டு பேர் தலையைப் பிடிச்சிருக்கணும்."

"ரெண்டு தடவை எடுத்தேன்."

"ரெண்டும்?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

பக்கத்து மேஜைக்காரி தேய்ப்பதை நிறுத்தினாள். பல் அச்சுக் கூடத்தில் பதினோரு வருடம் உட்கார்ந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரு தடவை தப்பினால் அச்சில் கோளாறு. இரண்டு தடவையும் அதே இடத்தில் தப்பினால் வாயில் கோளாறு.

இழுப்பறையில் இரண்டு மாதத்துக்கு முன் எடுத்த அவனுடைய பழைய அச்சு இருந்தது. எடுத்துப் பொருத்தினாள். டப்பாவுக்கு மூடி போட்ட மாதிரி 'டக்'கென்று உட்கார்ந்தது.

அப்படியானால் இந்த இரண்டு மாதத்துக்குள் தாடை நகர்ந்திருக்கிறது. எலும்பு தானாக நகராது.

மூன்று வாரமாக அவன் சாப்பிட்டதெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது. சூப். மிக்ஸியில் அடித்த பழம். பாலில் ஊறவைத்த ரொட்டி. கேட்டதற்கு, "எடையைக் குறைக்கணும்" என்றான். அவளும் சரி என்று அடித்துக் கொடுத்தாள். அவன் சண்டை போடுவது ஹெவிவெயிட் பிரிவில். அங்கே மேல் வரம்பே கிடையாது. யானையே வந்து நின்றாலும் எடை பார்த்துவிட்டு உள்ளே விடுவார்கள். குத்துச்சண்டைக்காரன் பெண்டாட்டிக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் காலை ஏழு மணிக்கு மகளைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டிருக்கிறவளுக்கு அதை யோசிக்க நேரமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை டீ அவன் கீழுதட்டிலிருந்து வழிந்து சட்டையில் சொட்டியது. அவனுக்குத் தெரியவே இல்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்து, அவள்தான் துடைத்துவிட்டாள்.

"நான் மத்தியானம் வரமாட்டேன், சொல்லிடுங்க," என்று பழைய ஜோடியையும் புது ஜோடியில் ஒன்றையும் துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"மவுத் கார்டு?"

"பண்ணல."

பயிற்சிக்கூடம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. போட்டிக்கு முதல் நாள் என்பதால் சத்தமே இல்லை. குத்துப் பைகள் அசையாமல் தொங்கின. வியர்வையும் வலி மருந்தும் பழைய தோலும் கலந்த வாடை மட்டும் வழக்கம் போல இருந்தது.

மாமனார் ரிங்கின் ஓரத்தில் உட்கார்ந்து கைக்கட்டுத் துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயது. அவரை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பெற்ற மகனும் இந்தச் சுவர்களுக்குள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவான். வெளியே போனால்தான் அப்பா.

அவள் பையைத் திறந்து அச்சுகளை அவர் முன்னால் வைத்தாள்.

"மாமா, இதைப் பாருங்க."

அவர் பார்த்தார். கையில் எடுக்கவில்லை. எடுத்துப் பார்க்காததிலேயே அவளுக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"உக்காரும்மா."

"நின்னுக்கிட்டே கேட்கறேன்."

அவர் சுருட்டிய துணியை மறுபடி பிரித்தார். மறுபடி சுருட்ட ஆரம்பித்தார்.

"மூணு வாரம் ஆச்சு. பயிற்சிக்கு மோதற ஸ்பாரிங்ல எதிர்ல நின்னவன் முழங்கை பட்டுடுச்சு. சுள்ளி ஒடியற மாதிரி ஒரு சத்தம். கீழ நின்ன எனக்கே கேட்டுது."

"எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

"இல்ல."

"ஏன் எடுக்கல?"

"எடுத்தா தெரிஞ்சிடும்."

அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது. வரவில்லை. கால்தான் வலித்தது. உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லியிருக்கலாமே மாமா. வேணாம்னு ஒரு வார்த்தை."

"போன தடவை சொன்னேன். என்ன ஆச்சுன்னு உனக்கே தெரியும்."

தெரியும். ஏழு மாதத்துக்கு முன், உலகப் பட்டம் அவன் இடுப்பில் இருந்த கடைசி மாலையில், பதினோராவது ரவுண்டில் மகன் இரண்டு தடவை முழங்கால் போட்டு எழுந்தபோது, மூலையிலிருந்து வெள்ளைத் துண்டை உள்ளே எறிந்து சண்டையை நிறுத்தியவர் இவர்தான். அதுவரை புள்ளிக் கணக்கில் மகன் முன்னால் இருந்தான். இன்னும் நான்கு நிமிடம் தாக்குப்பிடித்திருந்தால் பட்டம் அவனிடமே இருந்திருக்கும். தாக்குப்பிடித்திருப்பானா என்பது வேறு கேள்வி. அதன் பிறகு இரண்டு மாதம் அவன் அப்பாவோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேஜையில், உப்பு வேண்டும் என்றால் மகளிடம் சொல்லி வாங்கிக்கொண்டான்.

"தினம் காலையில சொல்லிடணும்னுதான் வருவேன்," என்றார் மாமனார். "எனக்கு முன்னாடி வந்து கயிறு தாண்டிட்டு இருப்பான். முப்பத்தேழு வயசு. மூச்சு வாங்குது. தாடையை ஒரு கையால பிடிச்சுக்கணும் போல இருக்கும் அவனுக்கு, ரெண்டு கையிலயும் கயிறு. அப்படித் தாண்டிட்டு இருக்கறவன்கிட்ட எப்படிம்மா சொல்றது?"

"இன்னிக்கு மூணு மணிக்கு டாக்டர் பார்ப்பாரே."

"வாயைத் திறக்கச் சொல்வார். கொஞ்சம் திறப்பான். பிரஷர் பார்ப்பார். கண்ணுல டார்ச் அடிப்பார். அவ்வளவுதான்." அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நீ சொல்லப் போறியா?"

அவள் எழுந்து உடைமாற்றும் அறைக்குப் போனாள்.

அவன் நீளப் பலகையில் மல்லாந்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். ஆறடி ஐந்து அங்குலம். பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் மலை. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு, இப்போது மகளின் பள்ளி அட்டையில் கூட யாரோ 'மலையின் மகள்' என்று எழுதி வைத்திருந்தார்கள். மலையின் கால்கள் பலகைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன.

"பல்லு, நீயா?" என்றான் துண்டுக்குள்ளிருந்து. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அவன் வைத்திருக்கும் பெயர் அது. "செருப்புச் சத்தத்துலயே தெரியுது, கோவமா வர்றேன்னு."

"எழுந்து உக்காருங்க."

உட்கார்ந்தான். பலகை முனகியது.

"வாயைத் திறங்க."

திறந்தான். அவளுடைய இரண்டு விரல் மட்டும் போகிற அளவுக்கு. அதற்கு மேல் போகவில்லை. அவன் கண்ணோரம் சுருங்கியது.

அவள் விரலை எடுத்து, அவனுடைய கீழுதட்டின் இடது ஓரத்தை நகத்தால் அழுத்தினாள்.

"தெரியுதா?"

"என்னது?"

"கிள்ளறேன்."

அவள் கிள்ளிய இடம் சிவந்திருந்தது. அதைத் தேய்த்துக்கொள்ளக் கூட அவன் கை போகவில்லை.

"எலும்புக்குள்ள ஓடற நரம்பு இது," என்றாள். "அங்கே இன்னும் ஒரு குத்து சரியா விழுந்தா, ஒட்டவைக்கறதுக்கு இரும்புத் தகடு போடணும். மூச்சுக்குழாய்ல ரத்தம் போகலாம். நான் பயமுறுத்தல. வாரத்துக்கு ரெண்டு மூணு தாடை என் மேஜைக்கு வருது. எனக்குத் தெரியும்."

"அவன் அங்கே அடிக்க நான் விட்டாத்தானே."

"போன தடவை விட்டீங்களா?"

அவன் சிரிக்க முயன்றான். பாதிச் சிரிப்புக்கு மேல் தாடை இடம் கொடுக்கவில்லை.

"இது கடைசி, பல்லு. ஒப்பந்தத்துல ஒரே ஒரு மறுபோட்டிதான். நாளைக்கு நான் வரலன்னா அவன் வேற ஆளோட போடுவான். அப்புறம் எனக்கு யார் கூப்பிட்டு ஒரு சண்டை தரப்போறாங்க? முப்பத்தேழு வயசுல ஒண்ணரைத் தாடையோட ஒருத்தனை."

"வேணாம்னு நீங்களே சொல்லிடுங்க."

"என்னால முடியாது."

"ஏன்?"

அவன் தன் கைகளைப் பார்த்தான். மூட்டுகளில் பழைய தழும்புகள். அந்தக் கைகளால் மகளுக்கு ஜடை பின்னக் கற்றுக்கொள்ள அவனுக்கு ஒரு வருடம் ஆயிற்று.

"களைச்சுப் போச்சு," என்றான். "நிஜமாச் சொல்றேன். காலையில எழுந்திருக்கும்போதே களைச்சுப் போச்சு. யாராவது வந்து, 'போதும்டா, வீட்டுக்குப் போ'ன்னு சொல்லிட மாட்டாங்களான்னு இருக்கு. ஆனா நானா சொல்ல மாட்டேன். பன்னெண்டு வயசுல இங்கே ஏறினேன். எறங்கறதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல."

"நான் டாக்டர்கிட்ட சொன்னா?"

"சொல்லு. உன்மேல கோவப்பட மாட்டேன்."

அவன் மறுபடி படுத்துத் துண்டைப் போட்டுக்கொண்டான். கோபப்பட மாட்டேன் என்று அவன் சொன்னது உண்மை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் கனத்தது. எல்லோரும் அந்தப் பாரத்தை இறக்கி இறக்கி, கடைசியில் தன் கைப்பைக்குள் வைத்துவிட்டார்கள் என்று தோன்றியது.

மூன்று மணிக்கு அரங்கத்தில் எடை பார்த்தார்கள். ஆயிரம் பேராவது வந்திருப்பார்கள். மேடையில் பெரிய விளக்குகள், பின்னால் இரண்டு முகங்களும் அச்சடித்த பேனர். பேனரில் மலையின் தாடை வழவழப்பாக இருந்தது.

மேடைக்குப் பின்னால் திரை மறைவில் டாக்டர். சின்ன உருவம், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். நாற்பது பேரைப் பார்த்து அலுத்த முகம். இரத்த அழுத்தம் பார்த்தார். விரல்களை மடக்கச் சொன்னார். கண்ணில் டார்ச் அடித்தார்.

"வாயைத் திற."

திறந்தான்.

"இன்னும்."

"இவ்வளவுதான் டாக்டர். பேசிப் பேசித் தேஞ்சு போச்சு," என்றான். டாக்டர் புன்னகைத்தார். அவனைப் பிடிக்காத ஆள் யார்?

"பழைய காயம், புதுக் காயம் எதாவது?"

"இல்ல."

டாக்டர் படிவத்தில் டிக் அடித்துக்கொண்டே, ஓரத்தில் நின்றிருந்த அவளைப் பார்த்தார்.

"நீங்க?"

"மனைவி."

"வீட்டுல எப்படி இருக்கார்? தலைவலி, வாந்தி, மறதி? சொல்றதுக்கு எதாவது இருக்கா?"

மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கணவன் சட்டையை மாட்டுவதை நிறுத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு, காத்திருந்தான். அந்த முதுகு காத்திருந்தது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

"இல்ல," என்றாள்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பதினோரு வருடமாக அவன் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்த பழக்கத்திலிருந்து வந்திருக்கலாம். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

அவன் மேடையேறினான். எடை நூற்றாறு கிலோ என்று ஒலிபெருக்கி சொன்னது. போன தடவையைவிட ஆறு கிலோ குறைவு. "வேகத்துக்காக இளைச்சிருக்கார், இது புது மலை," என்று பக்கத்தில் ஒரு நிருபர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆறு கிலோவும் மிக்ஸியில் போனது என்று சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது.

பிறகு தச்சன் வந்தான். இப்போதைய சாம்பியன். குத்துச்சண்டைக்கு வரும் முன் கதவு ஜன்னல் செய்துகொண்டிருந்தவன், அதனால் அந்தப் பெயர். இருவரும் மூக்கோடு மூக்கு உரச நின்றார்கள். கேமராக்கள் பொரிந்தன. கூட்டம் கத்தியது.

தச்சனின் உதடு அசைந்தது. ஏதோ சொன்னான். நான்கைந்து வாக்கியம் இருக்கும். வழக்கமான வசவாக இருந்தால் மலை திருப்பிக் கொடுத்திருப்பான். அவன் பதில் பேசவில்லை. முதலில் கண்ணை விலக்கியதும் அவன்தான். கூட்டத்தில் ஒரு பகுதி ஊளையிட்டது.

அரங்கத்தின் பின்புற வாசலில் கார் நின்றிருந்தது. மாமனார் ஓட்டுனர் இருக்கையில் உட்கார்ந்தார். அவள் பின்னால். அவன் முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினான். சாவியைப் போட்டும் மாமனார் வண்டியைக் கிளப்பவில்லை.

"என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

"தாடை எப்படி இருக்குன்னு கேட்டான்."

மாமனார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார்.

"இடது பக்கம்தானேன்னு கேட்டான்," என்றான் மலை. ஒவ்வொரு சொல்லாக, கல் இறக்கி வைப்பது போலச் சொன்னான். "'அந்தப் பக்கம் அடிக்க வேணாம்னு என் மாஸ்டர் சொல்றாரு. முடியாதுன்னுட்டேன். உள்ளே போனா கை தானா அங்கேதான் போகும். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு. நாளைக்கு நீ வராதே'ன்னான்."

அவள் முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். தாடை விஷயம் தெரிந்தது மூன்று பேருக்கு. அதில் ஒருத்திக்குத் தெரிந்தே ஆறு மணி நேரம்தான் ஆகிறது.

மலை மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தான்.

"நான்தான் போனேன்," என்றார் அவர். ஸ்டியரிங்கைப் பார்த்தே சொன்னார். "செவ்வாய்க்கிழமை. அவனோட மாஸ்டரும் நானும் ஒரு காலத்துல ஒரே ரிங் மூலையில வாளி தூக்கினவங்க. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். என் பையன் ஜெயிக்கணும்னு கேட்கல. அந்தப் பக்கம் மட்டும் விட்டுடச் சொல்லுன்னு கேட்டேன்."

"கேட்டீங்களா?"

"ஆமா."

"அவங்க வீட்டு வாசல்ல நின்னு?"

"உள்ளே கூப்பிட்டு உக்காரவெச்சாங்க. மரியாதையாத்தான் பேசினாங்க."

மலை கண்ணை மூடிக்கொண்டான்.

"அவன்கிட்டப் போய்ச் சொன்னதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ கேட்டிருப்பியா?"

"கேட்டிருப்பேன்." குரல் உயரவே இல்லை. "நீங்க சொன்னா கேட்டிருப்பேன். மூணு வாரமா தினம் உங்களுக்கு முன்னாடி வந்து கயிறு தாண்டினேனே, எதுக்குன்னு நினைச்சீங்க? இன்னிக்காவது சொல்லிடுவீங்கன்னுதான்."

மாமனாரின் கை சாவியிலேயே இருந்தது. திருப்பவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அறுபத்தாறு வயது முகம் சட்டென்று எண்பதாகத் தெரிந்தது. "போன தடவை..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்.

மலை கதவைத் திறந்து இறங்கினான்.

"எங்கே போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவளும் இறங்கினாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அரங்கத்தின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். கண்ணாடிக் கதவு என்பதால் வெளியிலிருந்தே எல்லாம் தெரிந்தது. நேர் எதிரே தாழ்வாரக் கோடியில் டாக்டரின் அறை, கதவுக்கு அடியில் விளக்கு வெளிச்சம். பக்கத்தில் மாடிப்படி. மேலே தச்சனும் அவன் ஆட்களும் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தாழ்வாரத்தின் நடுவில் அவன் ஒரு கணம் நின்றான். பிறகு இரண்டிரண்டு படியாக மாடி ஏறினான்.

அவனைத் தடுக்க ஓடலாம். ஓடினால் பிடிக்க முடியுமா, பிடித்தால் நிறுத்த முடியுமா, மேலே போய் அவன் அடிக்கப் போகிறானா, நன்றி சொல்லப் போகிறானா, நாளைக்கு வருகிறேன் என்று சவால் விடப் போகிறானா, ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. காருக்குள் மாமனார் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அவளுக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. இந்தக் குடும்பத்தில் எல்லோரும் சொல்ல வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அரை மணிக்கு முன் அவளும் அதைத்தான் செய்தாள்.

உள்ளே நடந்தாள். மாடியில் நாற்காலி ஒன்று சரிகிற சத்தமும், அதைத் தொடர்ந்து பலருடைய குரலும் கேட்டன. அவள் மாடிப்படியைப் பார்க்கவில்லை. நேராகப் போய், தாழ்வாரக் கோடியிலிருந்த கதவைத் தட்டினாள்.

"திறந்துதான் இருக்கு," என்றது உள்ளிருந்து களைத்த குரல்.

டாக்டர் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"உக்காருங்க. என்ன விஷயம்?"

அவள் உட்காரவில்லை.

"அப்ப இல்லன்னு சொன்னேன்," என்றாள். "இருக்கு."